தீர்ப்புக்குப் பிறகு

1821ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி காலை. நியூயோர்க் மாநிலத்தின் வடபுறத்தில் ஆடம்ஸ் என்றொரு சின்ன ஊர். அங்கே ஒரு சட்ட அலுவலகத்துக்குக் கட்சிக்காரர் ஒருவர் வருகிறார். உள்ளூர்த் திருச்சபையில் டீக்கன், அதாவது சபைப் பணிகளைக் கவனிக்கிற பொறுப்பாளர். பத்து மணிக்கு அவருடைய வழக்கு. "ஞாபகம் இருக்குதானே, எல்லாம் ஆயத்தம்தானே?" என்று கேட்கிறார். மேசைக்குப் பின்னால் நின்ற 29 வயது இளைஞர் சொன்ன பதில் கிறிஸ்தவ உலகத்தில் பிரபலம். கர்த்தராகிய இயேசு கிறிஸ்து தம்முடைய வழக்கைப் பேசும்படி எனக்கு முன்பணம் தந்துவிட்டார், ஆகையால் உங்களுடைய வழக்கை என்னால் பேச முடியாது என்றார் அவர்.

அந்த இளைஞர்தான் சார்ள்ஸ் கிராண்டிசன் ஃபின்னி. அன்றைக்கு வழக்குப் பேசுவதை விட்டவர், அடுத்த ஐம்பது வருடத்துக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுப்புதல் பிரசங்கியாக, அதாவது சோர்ந்த விசுவாசத்தைத் தட்டியெழுப்பி மனந்திரும்ப அழைக்கிற பிரசங்கியாக ஓடித்திரிந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த முன்பணப் பதிலோடு நிறுத்திவிடுவார்கள். வயதான காலத்தில் ஃபின்னி எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளில் அதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு ஆகப் பிடித்த இடம். டீக்கன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வீதியின் நடுவில் கொஞ்ச நேரம் யோசித்தபடி நின்றார். பிறகு நேரே எதிராளியிடம் போய் வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொண்டார். ஃபின்னிக்கு நடந்த மாற்றம் இன்னொருவருடைய வழக்குக் கோவையை மூடவைத்திருக்கிறது. நீதிமன்றத்தில் தொழில் செய்கிற எனக்கு, ஒரு மனந்திரும்புதல் உண்மையானது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

நான் திருகோணமலையில் தொழில் செய்கிற சட்டத்தரணி. மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் காலித் துறையில் வந்திறங்கியவர்கள். அவர்கள் வழி வந்த சபைகளில் ஞாயிறு ஆராதனை அமைதியானது, பாட்டுப் புத்தகமும் ஒழுங்குமாக நடப்பது. ஆனால் எங்கள் வீட்டில் எழுப்புதல் கூட்டங்களுக்கும் போவோம். உப்புவெளியிலோ டவுனுக்குள்ளோ பந்தல் போட்டால் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மணலில் பாய் விரித்து இருத்துவார். யுத்த காலத்தில் அந்தக் கூட்டங்கள் பலருக்கு அழுவதற்கு இருந்த ஒரே பொது இடம். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார் அங்கே வந்து முழந்தாளில் நின்றார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும் அப்படித்தான். ஆகவே எழுப்புதல் கூட்டம் என்றதும் உதட்டைச் சுழிக்கிற படித்தவர்களோடு எனக்கு ஒட்டாது. அந்தக் கூட்டங்களை நேசிக்கிறவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சரி, ஃபின்னிக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1792 ஓகஸ்ட் 29இல், கனெக்டிகட் மாநிலத்தில். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயோர்க்கின் மேற்கே, அப்போதுதான் காடு வெட்டிக் குடியேறிக்கொண்டிருந்த பகுதிக்குப் போய்விட்டது. பெற்றோர் பக்தியுள்ளவர்கள் அல்ல. கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். 1818இல் ஆடம்ஸுக்கு வந்து பெஞ்சமின் ரைட் என்ற சட்டத்தரணியின் கீழ் சட்டம் கற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சட்டம் கற்க வளாகம் போக வேண்டியதில்லை. ஒரு மூத்தவருடைய அலுவலகத்தில் இருந்து புத்தகம் வாசித்து, பத்திரம் எழுதி, கூடவே நீதிமன்றம் போய்ப் பழகுவதுதான் படிப்பு. எங்கள் ஊர்ப் பழைய பிரக்கிராசிமாரின் கந்தோர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்கின. 1974இல், மன்றில் வாதாடும் அப்புக்காத்து, பத்திரமும் வழக்கும் ஆயத்தம் செய்யும் பிரக்கிராசி என்ற வேறுபாடு எடுபட்டு எல்லோரும் சட்டத்தரணிகள் ஆன பிறகும், இளையவர் மூத்தவரின் பின்னால் கோவை தூக்கிக்கொண்டு போய்த்தான் தொழில் பழகுகிறார்.

ஃபின்னிக்கு வேதாகமத்தை அறிமுகப்படுத்தியது சட்டப் புத்தகம்தான். பழைய சட்ட ஆசிரியர்கள் பொதுச் சட்டத்தின் கோட்பாடுகளுக்கு ஆதாரமாக மோசேயின் பிரமாணங்களை அடிக்கடி காட்டுவார்கள். மேற்கோளை மூலத்தில் பார்க்காமல் விடக்கூடாது என்பது நல்ல சட்டத்தரணியின் பழக்கம். அதற்காகவே அவர் தன் முதல் வேதாகமத்தை வாங்கினார். வாங்கியவர் தொடர்ந்து வாசித்தார். ஊர்ச் சபையின் ஜெபக் கூட்டத்துக்கும் போய் இருந்தார். பாடகர் குழுவை நடத்தியவரும் அவர்தான், இசையில் நல்ல தேர்ச்சி. ஒருநாள் அங்கிருந்தவர்கள், உமக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றார். நான் வந்த நாள் முதல் நீங்கள் எழுப்புதலுக்காக ஜெபிக்கிறீர்கள், அது வரவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று உங்கள் வேதம் சொல்கிறது, உங்களுக்கோ கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். குறுக்கு விசாரணை செய்து பழகிய வாய்! ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எழுதியிருப்பதற்கும் நடப்பதற்கும் இடையில் உள்ள இடைவெளி அவருடைய கண்ணில் உறுத்தியது. சாகும்வரை அந்த உறுத்தல் அவரை விட்டுப் போகவேயில்லை.

ஒக்டோபர் 10ஆம் திகதி நடந்ததை அவர் மிக நுணுக்கமாக எழுதியிருக்கிறார். காலையில் கந்தோருக்குப் போகிற வழியில் மனதுக்குள் ஒரு கேள்வி எழுந்து, அப்படியே வீதியில் நின்றுவிட்டார். பிறகு கந்தோரை விட்டுவிட்டு ஊருக்கு வடக்கே இருந்த காட்டுப் பக்கம் நடந்தார். தான் ஜெபம் பண்ணப் போவதை யாரும் கண்டுவிடக் கூடாது என்று வேலியோரமாக ஒளித்து ஒளித்துப் போனார். விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே முழந்தாளிட்டார். இலை சரசரத்தாலும் ஆள் வருகிறதோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் பாவங்களிலேயே பெரிய பாவம் இந்த வெட்கம்தான் என்று அங்கேதான் அவருக்கு உறைத்தது. முழு இருதயத்தோடும் தேடினால் கண்டடைவீர்கள் என்ற எரேமியா 29ஆம் அதிகாரத்து வாக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அன்று மாலை கந்தோரில் தன் பெரிய வயலினை எடுத்து வாசித்துப் பாட முயன்றபோது கண்ணீர் வந்து பாட முடியாமல் போயிற்று. இரவு வந்த அனுபவத்தை, அன்பு அலை அலையாக உடம்புக்குள் பாய்ந்தது போல் இருந்தது என்று விவரிக்கிறார்.

இந்த இடத்தில் அவரை நம்புவதா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சாட்சியத்தை எடைபோடுவது என் தொழில். தனக்குச் சங்கடமான விவரத்தை ஒளிக்காமல் சொல்கிற சாட்சிக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். ஒளித்துப் போனதையும் இலைச் சத்தத்துக்குப் பயந்ததையும் சொல்கிற ஒருவர் கதை கட்டுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இறையியல் கல்லூரிக்கு அவர் போகவில்லை. ஆடம்ஸ் போதகர் ஜோர்ஜ் கேலிடம் கொஞ்சம் படித்தார், அதைவிடக் கூடுதலாக அவரோடு வாதாடினார். 1823 டிசம்பரில் பிரசங்க அனுமதியும் 1824 ஜூலையில் குருப்பட்டமும் கிடைத்தன. விசாரித்தவர்கள், எங்கள் சபையின் விசுவாச அறிக்கையை ஏற்கிறீரா என்று கேட்டபோது, அதை அவர் முழுதாக வாசித்திருக்கவே இல்லை. விளங்கிய அளவுக்கு ஏற்கிறேன் என்று சொல்லித் தப்பினார். பிறகு வாசித்துப் பார்த்துவிட்டு, அதில் பலதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். இதை நான் மெச்சமாட்டேன். கையெழுத்துப் போடுமுன் வாசியுங்கள் என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எங்கள் தொண்டை வறளுகிறது.

அவரை முதலில் அனுப்பியது பெண்களின் மிஷனரிச் சங்கம் ஒன்று. எல்லைப்புறத்துக் குடியேற்றங்களில் பிரசங்கிக்கும் வேலை. அங்கேதான் அவர் நீதிமன்றத்தைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுவந்தார்.

அக்காலத்துப் போதகர்கள் பிரசங்கத்தை எழுதிவைத்து வாசிப்பார்கள். பாவிகள் என்பவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கும் மூன்றாம் ஆட்கள் போலப் பேசுவார்கள். ஃபின்னி தாள் இல்லாமல் நின்றார், 'நீங்கள்' என்று சொன்னார். கமக்காரனுக்கும் தச்சனுக்கும் விளங்குகிற உதாரணங்களை எடுத்தார். ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிரசங்க மேடையின் கண்ணியத்தைக் கெடுக்கிறீர் என்று மூத்த போதகர்கள் கண்டித்தபோது, அவருடைய பதில் ஒரு வழக்கறிஞனுக்குரியது: உங்களைப் போல யூரர்களிடம் பேசினால் எந்தச் சட்டத்தரணியும் ஒரு வழக்குக்கூட வெல்லமாட்டான். யூரர் என்பவர்கள் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற சாதாரண சனம். அவர்கள் முன் நிற்பவனுக்கு அழகாகப் பேசுவது நோக்கமல்ல. எழுந்து போகுமுன் அவர்களிடமிருந்து ஒரு தீர்ப்பை வாங்க வேண்டும்.

ஈவன்ஸ் மில்ஸ் என்ற கிராமத்தில் அவர் செய்ததைப் பாருங்கள். சில வாரம் பிரசங்கித்தார். சனம் நல்லது நல்லது என்று பாராட்டியது, ஆனால் ஒருவரும் அசையவில்லை. ஒருநாள் மாலை பிரசங்கத்தின் முடிவில், நான் உங்களை மகிழ்விக்க வரவில்லை என்று சொன்னார். இப்போதே தேவனோடு சமாதானமாகிறேன் என்பவர்கள் எழும்புங்கள். மாட்டேன் என்பவர்கள் இருந்தபடி இருங்கள் என்றார். எல்லோரும் திகைத்துப்போய் இருந்தார்கள். அப்படியானால் உங்கள் நிலைப்பாட்டை எடுத்துவிட்டீர்கள், கிறிஸ்துவைத் தள்ளிவிட்டீர்கள், நீங்களே ஒருவருக்கொருவர் சாட்சி என்றார். சனம் கோபத்தோடு எழும்பிப் போய்விட்டது. அடுத்த நாள் மாலைக்கோ இடம் நிரம்பி வழிந்தது, எழுப்புதலும் தொடங்கியது.

இன்று எங்கள் பந்தல்களில், கையை உயர்த்துங்கள், முன்னால் வாருங்கள் என்று அழைக்கிற வழக்கத்துக்கு இது ஒரு முக்கியமான ஊற்று. பின்னாளில் முன்வரிசையில் ஒரு வாங்கை ஒதுக்கி, மனம் கலங்கியவர்கள் வந்து அதில் இருக்கலாம் என்று அதை ஒரு முறையாக்கினார். பல நாட்கள் தொடரும் கூட்டங்கள், ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் வாய்திறந்து ஜெபிப்பது, பெயர் சொல்லி ஜெபிப்பது ஆகியவற்றைப் 'புதிய முறைகள்' என்று சொல்லி எதிர்த்தார்கள். 1827 ஜூலையில் நியூ லெபனனில் போதகர்கள் கூடி இதற்காகவே வாதாடினார்கள். எதிர்த்தவர்களுக்கு ஆகப் பெரிய உறுத்தல் பெண்களின் ஜெபம்தான். ஃபின்னி விட்டுக்கொடுக்கவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆண்கள் நிறைந்த மன்றில் எழுந்து நிற்கிற ஒருத்தியாக, அந்த விஷயத்தில் அவருக்கு நான் கடன்பட்டவள்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். பிரசங்கம் என்ற வடிவம் யாருடைய சொத்தும் அல்ல. மெதடிஸ்த மிஷனரி பேர்சிவலுக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணையாக இருந்த ஆறுமுக நாவலர், அதே பிரசங்க முறையைச் சைவத்துக்கு எடுத்து 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பேசத் தொடங்கினார். கோணேசர் கோவில் மலையில் சைவப் பேச்சைக் கேட்டு வளர்ந்த என் தோழிகளும், பந்தலில் சுவிசேஷம் கேட்டு வளர்ந்த நானும் ஒரே மாதிரியான குரல் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம்.

ஃபின்னியின் வீட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 1824 ஒக்டோபரில் லிடியா அன்ட்ரூஸைக் கலியாணம் செய்தார். கட்டி ஓரிரு நாளில், சாமான் ஏற்ற வண்டி கொண்டுவருகிறேன், ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று புறப்பட்டார். போன இடத்தில் எழுப்புதல். அதை விட்டு வர மனமில்லாமல் மாரி முழுவதும் தங்கிவிட்டார். வசந்தம் தொடங்குகையில் மனைவியைக் கூட்டிவரப் புறப்பட்டவர், குதிரைக்கு லாடம் கட்ட வழியில் நின்ற ஊரில் பிரசங்கிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அங்கேயும் எழுப்புதல். கடைசியில் வேறொருவரை அனுப்பி மனைவியைக் கூப்பிட்டார். ஏறக்குறைய ஆறு மாதம்! இதைப் பக்தி வைராக்கியத்தின் அடையாளமாகச் சில போதகர்மார் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வைராக்கியமாகத் தெரியவில்லை. ஊழியம் என்ற பெயரில் வீட்டை மறந்த தகப்பன்மார் எங்கள் ஊரிலும் உண்டு. அந்தப் பிள்ளைகள் பிறகு சபைப் பக்கமே வராததையும் பார்த்திருக்கிறேன். லிடியா சும்மா இருந்தவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெண்களின் ஜெபக் கூட்டங்களை நடத்தினார். 1834இல் நியூயோர்க்கில் விபசாரத்துக்குள் தள்ளப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் முதல் தலைவி அவர்தான். 1847இல் இறந்துவிட்டார்.

ஃபின்னியின் பெயர் நாடெங்கும் பரவியது ரொச்செஸ்டர் நகரத்தால். 1825இல் ஈரி கால்வாய் வெட்டி முடிந்த பிறகு மாவாலைகளாலும் வியாபாரத்தாலும் கிடுகிடுவென்று வளர்ந்த ஊர் அது. 1830 செப்டம்பரில் போனவர் அடுத்த மார்ச் வரை அங்கேயே இருந்தார். முன்வாங்குக்கு வந்தவர்களில் சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் கடைக்காரர்களும் ஆலை முதலாளிகளும் இருந்தார்கள். படித்தவர்கள் அப்படி எல்லோரும் பார்க்க எழும்பி வருவது லேசான காரியமல்ல. அந்த மாதங்களில்தான் ஃபின்னியோடு சேர்ந்து உழைத்த தியடோர் வெல்ட் மதுவுக்கு எதிராகப் பேசினார். மறுநாள் சாராய வியாபாரிகள் சிலர் பீப்பாய்களை வீதிக்கு உருட்டிக்கொண்டு வந்து உடைத்து ஊற்றினார்கள். வேலையாட்களை நிதானத்தில் வைத்திருக்க முதலாளிமாருக்கு இந்த எழுப்புதல் வசதியாக இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தன்னுடைய சரக்கைத் தானே உடைத்த வியாபாரியை அந்த விளக்கத்துக்குள் முழுதாக அடக்கிவிட முடியாது. நட்டம் அவனுடையதுதானே.

1834 – 35 மாரிகாலத்தில் நியூயோர்க் நகரத்தில், ஒரு பழைய நாடக மண்டபத்தை மாற்றிக் கட்டிய ஆலயத்தில், எழுப்புதலைப் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் தொடர் விரிவுரை செய்தார். 1835இல் அது புத்தகமாக வந்தது. எழுப்புதல் அற்புதமல்ல, சரியான வழிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் வருவது என்று அதில் அடித்துச் சொல்கிறார். இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பின்வந்தவர்கள் மேடை, ஒலிபெருக்கி, இசை, விளம்பரம் என்று ஒரு சூத்திரத்தையே உண்டாக்கிவிட்டார்கள். ஃபின்னிக்கு இதில் பங்கு இல்லையென்று நான் வாதாட மாட்டேன். தன்னுடைய முறைகளில் அவருக்கு இருந்த நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. மனந்திரும்பியவர்களில் பலர் பின்வாங்கிப் போனதைப் பின்னாளில் அவரே வருத்தத்தோடு சொன்னார்.

ஆனால் அதே விரிவுரைகளில் இன்னொரு பகுதி இருக்கிறது. தரிசு நிலத்தைப் பண்படுத்துங்கள் என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கை வைத்துப் பேசியது. ஒரு தாளை எடுத்து உங்கள் பாவங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள் என்கிறார். நன்றியில்லாமை, பொறாமை, புறங்கூறுதல், வியாபாரத்தில் ஏமாற்று என்று வகை வகையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மொத்தமாகப் 'பாவம் செய்தேன்' என்று சொன்னால் போதாது, தனித்தனியாகச் செய்ததைத் தனித்தனியாக அறிக்கையிடு என்கிறார். குற்றப் பத்திரம் வரையத் தெரிந்தவர் அல்லவா! அதைவிட முக்கியமானது அடுத்தது. யாருக்காவது தீங்கு செய்திருந்தால் இப்போதே போய் ஒப்புக்கொள். யாரையாவது ஏமாற்றியிருந்தால் அந்தப் பணத்தை அனுப்பு, முழுத் தொகையையும் வட்டியோடு அனுப்பு என்கிறார்.

வட்டியோடு. இதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன்.

ஏனென்றால் எங்கள் தொழிலில் தீர்ப்பு என்பது பாதி வழிதான். காணி வழக்கில் தீர்ப்புக் கிடைத்த குடும்பம் நீதிமன்ற வாசலில் தேங்காய் உடைக்கும். பிறகு நிறைவேற்றுக் கட்டளைக்கு விண்ணப்பித்து, மன்றின் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் போய், எதிராளியை எழுப்பி, காணியைக் கையில் ஒப்படைக்கும்வரை அந்தத் தீர்ப்பு வெறும் கடதாசி. தீர்ப்பை நிறைவேற்றச் சட்டம் பத்து வருடம் தருகிறது. அந்தக் காலமும் கடந்து, கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன மனிதர்களை எனக்குத் தெரியும். ஃபின்னி யூரர்களிடம் தீர்ப்பு வாங்கக் கற்றவர் மட்டுமல்ல, வாங்கிய தீர்ப்பை நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று நின்றவர். கையை உயர்த்துவது தீர்ப்பு. வட்டியோடு பணத்தை அனுப்புவது நிறைவேற்றம்.

இந்தப் பிடிவாதம் அவரை அடிமை முறைக்கு எதிராகவும் கொண்டுபோய் நிறுத்தியது. நியூயோர்க்கில் தன் சபையில் அடிமை வைத்திருப்பவர்களுக்குத் திருவிருந்து கிடையாது என்று அறிவித்தார். அவருக்கு ஆதரவு தந்த நியூயோர்க் வியாபாரிகளான டப்பன் சகோதரர்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பணப்பலம். 1834 ஜூலையில் அடிமை ஒழிப்புக்கு எதிரான கும்பல் அந்த நகரத்தில் வெறியாட்டம் ஆடியது. 1835இல் ஃபின்னி ஒஹாயோ மாநிலத்தின் ஒபர்லினில் இருந்த கல்லூரிக்கு இறையியல் பேராசிரியராகப் போனார். கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது போன்ற உள்விவகாரங்களில் நிர்வாக சபை தலையிடக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை வைத்தார். 1837இல் நான்கு பெண்கள் அங்கே பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், அவர்களில் மூவர் 1841இல் பட்டம் பெற்றார்கள். 1851 முதல் 1865 வரை அந்தக் கல்லூரியின் தலைவர் ஃபின்னி. அவர் தலைவராக இருந்த 1858இல், தப்பிவந்த ஜோன் பிரைஸ் என்ற அடிமையை ஆள்பிடிகாரர்கள் பிடித்தபோது, ஒபர்லின் சனம் பக்கத்து ஊர்வரை துரத்திப் போய் மீட்டது. 37 பேர் மீது வழக்கு. சட்டப்படி குற்றம்தான். அங்கே படித்தவரான சார்ள்ஸ் லாங்ஸ்டன் என்ற கறுப்பினத்தவர் தண்டனைக்கு முன் மன்றில் எழுந்து, என் தோல் நிறத்துக்கு இந்த நாட்டில் நியாயமான விசாரணை கிடையாது என்று பேசிய பேச்சு சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அறியவேண்டியது.

ஃபின்னியை முழு நாயகனாக்க நான் விரும்பவில்லை. அடிமை முறை பாவம் என்று இடித்தவர், ஆலயத்துக்குள் கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்து இருப்பதற்கு ஆதரவு தரவில்லை. விடுதலை வேறு, ஒன்றாக இருத்தல் வேறு என்று பிரித்துப் பேசினார். வெல்ட் போன்ற சீடர்கள் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். இதை வாசிக்கும் எந்த ஈழத்துக் கிறிஸ்தவருக்கும் நெஞ்சில் ஏதோ தைக்கும். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி 1844இல் முற்றாக ஒழிந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்கவும் சாப்பிடவும் வேண்டும் என்ற சம ஆசனம், சம போசனத்துக்காக அதற்கு 80 வருடத்துக்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது. மனந்திரும்பிய சனம்தான் அங்கேயும் இருந்தது. இன்றைக்கும் சபைக்குள் கலியாணம் பேசும்போது முதலில் எதை விசாரிக்கிறோம் என்று எங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும்.

இனி எங்கள் பந்தலுக்கு வருகிறேன். கூட்டத்தில் கண்ணீரோடு முன்னால் போன மனிதரை, அடுத்த மாதம் தாபரிப்பு வழக்கில் எதிர்மனுதாரராகச் சந்திக்கிறேன். பிள்ளைக்கு மாதாந்தம் கொடுக்கச் சொன்ன காசு நிலுவையில் கிடக்கிறது. ஒரே சபையில் ஒரே பாட்டைப் பாடுகிற கூடப்பிறந்தவர்கள், தகப்பனுடைய காணிக்காக வருடக்கணக்கில் தவணை எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். சீட்டுப் பிடித்துக் காசைச் சுருட்டியவர் சாட்சி சொல்கிறார். அவர்கள் நடிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கண்ணீரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அது உண்மையானது. ஆனால் முன்னால் வந்தவருடைய தலையில் கைவைத்து ஜெபித்து, பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு அனுப்புகிறோமே தவிர, 'தம்பி, நீர் யாருக்கு என்ன கொடுக்க இருக்கு?' என்று ஒருவரும் கேட்பதில்லை. வேதாகமத்தில் வரும் வரிவசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது, அவன் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்ன பிறகு.

இதற்கு வெளிப்புறக் காரணமும் உண்டு. இந்த ஊரில் எங்களை மற்றச் சமயத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டமூலம் வந்த 2004 முதல், சுவிசேஷக் கூட்டம் என்றாலே சந்தேகம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எங்கள் மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் காக்கிறது. தேவைப்பட்டால் அதற்காக மன்றில் நான் நிற்பேன். ஆனால் கூட்டம் முடிந்த அடுத்த நாள், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தின் கதவைத் தட்டினால், அது செய்கிற வேலையை எந்த மேன்முறையீடும் செய்யாது.

ஃபின்னி 1875 ஓகஸ்ட் 16இல், 83 வயதுக்குச் சில நாட்கள் இருக்கையில் ஒபர்லினில் இறந்தார்.

எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டங்களை ஒழுங்கு செய்பவர்களிடம் இந்த முறை ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். ஜெபம் பண்ணுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போடவேண்டும். அங்கே ஒரு போதகரோ மூத்த அம்மா ஒருவரோ இருக்கட்டும், நானும் இருப்பேன். முன்னால் வருகிறவர் விரும்பினால் வந்து இருந்து, யாருக்கு என்ன கொடுக்க இருக்கிறது, எந்த வழக்கில் யாரோடு நிற்கிறார் என்று சொல்லலாம். ஒரு தாளில் எழுதுவோம், அந்தத் தாளை அவரே கொண்டுபோவார். சமாதானமாக முடிக்க விரும்புகிறவருக்கு உடன்படிக்கை எழுதித் தருவேன், கட்டணம் இல்லை. பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போக வேண்டியதென்றால் கூடவே போய் வழிகாட்ட ஆள் தருவோம். தாபரிப்பு நிலுவை உள்ளவருக்கு, தவணை முறையில் கட்டி முடிக்க ஒரு ஒழுங்கை எழுதி அடுத்த வழக்குத் தவணையிலேயே மன்றுக்குத் தெரிவிக்கலாம். நீதவான் அதை ஏற்றுக்கொள்ள இடமுண்டு. ஒழுங்கு செய்பவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தின் ஓட்டம் கெட்டுவிடும் என்று ஒருவர் பயப்பட்டார். அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் இவ்வளவையும் எழுதினேன். திருமலையில் இருக்கிற இளம் சட்டத்தரணிகள் யாராவது அந்த இரண்டாவது கதிரையில் இருக்க விரும்பினால், நீதிமன்ற வளாகத்தில் என்னைக் கண்டு சொல்லுங்கள்.